ஏப்பத்தில் வந்த ஊர்

ஆத்துமறிச்சான் கத்தரிக்காயைத் தின்றவர்கள் விடுகிற ஏப்பத்தில் ஊர்ப் பேர் வர ஆரம்பித்தது ஒரு தை மாதத்தில், மடைச் சோறு அன்றைக்கு. அதுவும் ஊரார் முன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியறியாத பூதத்தானுடைய வாயிலிருந்துதான் முதலில் வந்தது. வருஷத்தின் முதல் பறிப்பை அந்த ஊரில் யாரும் விற்க மாட்டார்கள். வீட்டுக்கு ஒரு பெட்டி காய் கொண்டுவந்து குளத்து மடைக்குப் பக்கத்தில் கொட்டி, ஊருக்கெல்லாம் ஒரே அண்டாவில் புளிக்குழம்பு வைத்து, வரப்பிலும் கரையிலும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் மறுநாள் மண்டிக்குச் சாக்கு கட்டுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். மறுசோறு வாங்கி, அதற்கு மேலும் ஒரு தடவை வாங்கி, இலையை மடித்துவிட்டுக் கை கழுவ வாய்க்காலுக்குப் போன பூதத்தானுக்கு அடிவயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பி, நெஞ்சுக்குழியைத் தாண்டி, "ஆஆத்துமறிச்சான்" என்று கரை முழுக்கக் கேட்கும்படி வெளியே வந்தது.

"என்னவே, ஊரை ஏலம் போடுதீரா?" என்று கோயில் பூசாரி கேலி செய்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றான் பூதத்தான்.

அதற்குள் பூசாரிக்கும் வந்துவிட்டது, அவருடையது இன்னும் கனமாக, கடைசியில் கொஞ்சம் இழுவையோடு. அதற்குப் பிறகு யார் முந்தி யார் பிந்தி என்று சொல்ல முடியாது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள், பொத்திய முந்தானைக்குள்ளேயே வந்தது. பேசுகிறவர்களுக்குப் பேச்சின் நடுவே வந்தது. தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று, இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லப் பழகாதது, குடித்த பாலோடு ஊர்ப் பேரையும் சேர்த்துக் கக்கியது. பூதத்தானின் மனைவி மாடத்திக்கு வந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் மடையோரம் நின்ற கொக்குகள் அத்தனையும் எழுந்து பறந்துபோயின.

வேறு ஊராக இருந்தால் ஜோசியம் பார்த்திருப்பார்கள், பரிகாரம் செய்திருப்பார்கள். ஆத்துமறிச்சான்காரர்கள் அதற்கெல்லாம் மெனக்கெடவில்லை. கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்த கரம்பை மண்ணை வெட்டி வண்டி வண்டியாக வயலில் கொட்டி, அந்த மண்ணில் அந்தக் குளத்துத் தண்ணீரைப் பாய்ச்சி, பழுத்து மஞ்சளாகிற வரைக்கும் விதைக்காயைச் செடியிலேயே விட்டு, சாம்பலில் புரட்டிக் காயவைத்து, அவர்கள் விளைவிக்கிற அந்தக் கத்தரிக்காய்க்கு, பச்சை உடம்பில் வெள்ளைக் கோடு ஓடுகிற, காம்பில் முள் குத்துகிற, புளியில் விழுந்தால் வெண்ணெயாகக் கரைகிற அந்தக் கத்தரிக்காய்க்கு, பூலோகத்தில் ஈடு கிடையாது என்பது அவர்களுக்குப் பிறக்கும்போதே தெரிந்த சங்கதி. அந்தக் காய்க்கு வாய் வந்தது ஆச்சரியமில்லை, இத்தனை காலம் வராமல் இருந்ததுதான் ஆச்சரியம் என்று பேசிக்கொண்டார்கள். சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் முந்தின வேளை காய் சேர்ப்பதை நிறுத்தினார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வேண்டுமென்றே காய் சமைத்துப் போட்டு, மாப்பிள்ளை வீட்டார் ஏப்பம் விடுகிறவரைக்கும் வெற்றிலைத் தட்டை வெளியே எடுக்காமல் வைத்திருந்தார்கள். பக்கத்து ஊர் ஆடு மேய்க்கிறவன் ஒருவன் "உங்க வயல் பக்கமே நான் வரல" என்று கோயில் வாசலில் சத்தியம் செய்ய வந்து, சத்தியத்துக்கு முன்னால் ஏப்பத்தை விட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

மடைச் சோறு முடிந்து மண்டிக்குப் போன காய் மண்டியோடு நிற்கவில்லை. மதுரையில் ஒரு ஓட்டலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்னையில் ஒரு கல்யாண வரவேற்பில், நாதஸ்வரம் ஓய்ந்து மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிற நேரமாகப் பார்த்துப் பந்தியிலிருந்து எழுந்து வந்தவர்கள் அத்தனை பேரும் முன்னே பின்னே ஊர்ப் பேரைச் சொல்ல, மணப்பெண்ணுக்கு அதுதான் தன் மாமனாரின் சொந்த ஊரோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கூட்டத்தில் பேச நின்ற ஒரு தலைவர் "என் உயிரினும் மேலான" என்று ஆரம்பித்து "ஆத்துமறிச்சான்" என்று முடித்தார், கீழே இருந்தவர்கள் விவரம் புரியாமல் கைதட்டினார்கள். அப்படி ஓர் ஊர் இருக்கிறதென்பதே இவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. பக்கத்து மண்டி ஊரான ராஜமங்கலத்திலிருந்து கிளம்புகிற பஸ்ஸில் ஒரு கிழவர் ஏப்பம் விட, கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, அவரை வாயைத் திறக்கவிடாமல் கொண்டுபோய் இறக்கியும் விட்டார்; அதுவரை நிற்காமல் போய்க்கொண்டிருந்த பஸ் அன்றிலிருந்துதான் ஊருக்குப் பிரிகிற ஆத்துமறிச்சான் விலக்கில் நிற்கப் பழகியது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் காய் ஊரைவிட்டு வெளியே போகும்போது அதற்கு ராஜமங்கலம் கத்தரி என்றுதான் பெயர். அதற்கு மண்டிக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. ஆத்துமறிச்சானில் அதற்குப் பெயரே வைக்கவில்லை. வெண்டைக்காயை வெண்டைக்காய் என்பார்கள், புடலங்காயைப் புடலங்காய் என்பார்கள், கத்தரிக்காயை மட்டும் காய் என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். சாக்கில் அடையாளம் போடச் சொன்னால், "நம்ம காயைத் தெரியாதவன் உண்டுமா?" என்று சிரிப்பார்கள். இவ்வளவு பெருமையுள்ள மனிதர்கள், வெளியூரில் எவனாவது "எந்த ஊரு?" என்று கேட்டால் மட்டும் ஆத்துமறிச்சான் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அது எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வி வருமே என்று கூசி, "ராஜமங்கலம் பக்கம்" என்று சொல்லிவிடுவார்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மாடத்தியும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

சித்திரை பிறந்ததும் ராஜமங்கலம் மண்டிக்காரர் வைத்திலிங்கம் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல சாப்பாட்டு ரசிகர், அதற்கேற்ற உடம்பு. ஊரில் பாதிக் காயை எடுக்கிறவர் அவர்தான். அரசமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள்.

"நான் உங்களுக்குக் கெடுதல் நினைப்பேனா?" என்று ஆரம்பித்தார். "மெட்ராஸ்ல இருந்து லோடு திரும்பி வருது. சாப்பிட்டவன்லாம் கடைக்காரன் சட்டையப் பிடிக்கான். ராஜமங்கலம் கத்தரின்னு வாங்கிட்டுப் போறான், வயித்துக்குள்ள போயி அது வேற பேரு சொல்லுதுன்னா நான் என்ன பதில் சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் மாடத்தி, பெண்கள் கூட்டத்திலிருந்து.

"ஆத்துமறிச்சான்னு சொன்னா எவனுக்கும்மா தெரியும்? ஒரு டீக்கடை உண்டுமா உங்க ஊர்ல?"

"காய் டீக்கடையிலயா காய்க்குது?"

சிரிப்பு எழுந்தது. வைத்திலிங்கம் சிரிக்கவில்லை. ஜீப்பிலிருந்து ஒரு பை விதையை இறக்கச் சொன்னார். அச்சு அசல் இதே பச்சை, இதே வெள்ளைக் கோடு, கூடுதலாகக் காய்க்கும், வாயைத் திறக்காது. அடுத்த பட்டத்துக்கு இதைப் போடுங்கள், பழைய காய் ஒரு சாக்குகூட இனி எந்த மண்டியிலும் இறங்காது, எல்லா மண்டியும் சேர்ந்து முடிவு செய்தாயிற்று என்று சொல்லிவிட்டு, மோர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

ஒரு வாரம் ஊர் கொதித்தது. அடுத்த வாரம் ஆறியது. அதற்கடுத்த வாரம் ஒவ்வொருவராக வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், அந்தப் பையிலிருந்து விதை அள்ளிக்கொண்டு போனார்கள். பூதத்தானும் ஒரு கை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு வந்தான்.

"ஊரோட ஒத்துப் போவோம், ஏளா. மண்டி இல்லன்னா காய என்ன செய்ய? மாலையாக் கட்டிக் கழுத்துல போடவா?"

"போடுங்க, நல்லாத்தான் இருக்கும்."

"விளையாடாத."

"யாரு விளையாடுதா?" மாடத்தி அந்தத் துண்டு முடிச்சைச் சுட்டிக் காட்டினாள். "ஒரு காய்க்கு இருக்க ரோஷம் நமக்கு இல்லியே. கேட்டவன்கிட்டல்லாம் ராஜமங்கலம் பக்கம், ராஜமங்கலம் பக்கம்னு சொல்லிச் சொல்லி நாமளே தூக்கிக் கொடுத்துட்டோம். அது பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு வாயத் திறந்திருக்கு. இப்பம் அது கழுத்த நெரிக்கச் சொல்லுதியளா? நம்ம வயல்ல நான் செத்தாலும் நடக்காது."

பூதத்தான் துண்டை அவிழ்த்து அந்த விதையைக் கோழிக்குப் போட்டான். கோழியும் ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது என்று மாடத்தி சொல்லித் திரிந்தாள், அது எவ்வளவு நிஜமென்று தெரியாது.

அந்தப் பட்டத்தில் ஊர் முழுக்கப் புது விதை, மாடத்தியின் வயலில் மட்டும் காய். புதுச்செடி கொத்துக் கொத்தாகத்தான் காய்த்தது, சாக்கு சாக்காக மண்டிக்குப் போனது, யாருக்கும் ஒரு வில்லங்கமுமில்லை. ஆனால் குழம்பில் போட்டால் நனைந்த துணிபோல் கிடந்தது. தின்றவர்கள் ஊமை ஏப்பம் விட்டார்கள். மாடத்தி கூடையில் காயை வைத்துக்கொண்டு பஸ் நிற்கிற விலக்கில் உட்கார்ந்தாள், போகிற வருகிறவர்கள் வாங்கினார்கள், மிஞ்சியது வாடியது. பொழுது சாய்கிற நேரத்தில் அவளுடைய கொல்லைப்பக்கம் ஒரு ஆள் வரும். "மைனி, வீட்டுக்கு மட்டும் நாலு காய் குடுங்களேன்" என்று கேட்கும். புது விதை போட்ட வீடுதான். அந்த ஆள் போனால் அடுத்த ஆள் வரும். மாடத்தி இல்லையென்று சொன்னதில்லை, ஆனால் கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் நாலு வார்த்தை திட்டித்தான் கொடுத்தாள். திட்டும் காயும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆக, மண்டிக்கு ஊமைக்காயை அனுப்பிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வீடு ஊர்ப் பேரை ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே போயிருக்கும். ராஜமங்கலம் வியாபாரிகள் சங்கம் ஆசையை அடக்கியிருந்தால் இப்படியே போயிருக்கும். ஒரு பண்டத்துக்கு இன்ன ஊர்ப் பேர்தான் என்று அரசாங்கத்திடம் முத்திரை வாங்கினால் விலை ஏறும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுக்க, ராஜமங்கலம் கத்தரி என்று முத்திரை கேட்டு எழுதிப் போட்டுவிட்டார்கள். அது கிடைத்துவிட்டால் மாடத்தியின் காயையும் அந்தப் பேரில்தான் விற்க வேண்டும். ஆத்துமறிச்சான் காய் என்று யாரும் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லி விற்க முடியாது. இந்தச் சேதி வந்த அன்றைக்குத்தான் ஊருக்குச் சுரீரென்று உறைத்தது. ஊமைக்காய் போட்டவர்கள், கொல்லைப்பக்கம் வந்தவர்கள், எல்லாரும் பகலில் முன்வாசல் வழியாக மாடத்தி வீட்டுக்கு வந்து நின்றார்கள். பேர் எங்களுடையது என்று ஊரே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

அதிகாரிகளும் நியாயமாகத்தான் பதில் சொன்னார்கள். ராஜமங்கலம் கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் மத்தியானம் பந்தி போடுங்கள், இரண்டு தரப்பும் அவரவர் காயில் குழம்பு வைத்துக் கொண்டுவாருங்கள், சாப்பிட்டுப் பார்க்கிறோம். ஏப்பத்தில் ஊர்ப் பேர் வருகிறதென்று நாங்களும் கேள்விப்பட்டோம், வந்தால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். ஊருக்கு அப்போதே முத்திரை கையில் வந்துவிட்ட மாதிரி இருந்தது. மாடத்தியின் காய் பேசும், நாம் பக்கத்தில் நின்றால் போதும் என்று வேட்டி சட்டை வெளுக்கப் போட்டார்கள்.

அன்றைக்குக் காலையில் மாடத்தி காய் பறித்து, பதம் பார்க்க ஒரு சின்னச் சட்டியில் குழம்பு வைத்து, பழைய சோற்றுக்கு ஊற்றிச் சாப்பிட்டாள். பூதத்தானுக்கும் போட்டாள். இரண்டு பேரும் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார்கள். மாடத்திக்கு ஏப்பம் வந்தது. வெறும் ஏப்பம். கொஞ்ச நேரம் கழித்துப் பூதத்தானுக்கு வந்தது. அதுவும் வெறும் ஏப்பம்.

"என்னளா இது?" என்றான் பூதத்தான்.

மாடத்தி இன்னொரு அகப்பை ஊற்றிக் குடித்தாள், காத்திருந்தாள். வேறு ஏதோ காயைத் தின்றவர்களுக்கு வருவது போல வெறுமனே வந்து போனது. அவளுக்கு வந்த ஆத்திரம் வைத்திலிங்கத்தின் மேல் இல்லை, காயின் மேல். ஒரு வருஷம் வெயிலில் விலக்கில் உட்காரவைத்துவிட்டு, ஊர் முழுக்க நம்பி நிற்கிற அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டதே என்று வயிறு எரிந்தது. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

"போவாண்டாம். உடம்புக்கு முடியலன்னு சொல்லிருவோம். அத்தன பேரு முன்னால போயி அவமானப்பட்டு நிக்கணுமா?" என்றான் பூதத்தான்.

மாடத்தி மூக்கைச் சிந்திவிட்டுச் சட்டியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். "ருசி எங்கயும் போவலியே?" என்றாள்.

"அது எங்க போவும்? அப்பிடியேதான் இருக்கு."

"பிறகென்ன? பெரிய பானையை எடுங்க."

மண்டபத்தில் கூட்டமான கூட்டம். நடுவில் மூன்று அதிகாரிகள், அவர்களுக்கு இரண்டு பக்கமும் மண்டிக்காரர்கள், வரிசையின் கடைசியில் வைத்திலிங்கம். ஆத்துமறிச்சான்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். ஒரு வாளியில் ஊமைக்காய்க் குழம்பு வந்தது. பின்னாலேயே இன்னொரு வாளியில் மாடத்தி தன் குழம்பைக் கொண்டுவந்து ஊற்றினாள். பாதிச் சாப்பாட்டில் பெரிய அதிகாரிக்கு நெஞ்சில் ஏதோ அசைந்தது. சுவரோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி கையை வாய்க்கு முன்னால் வைத்தார்.

"ஏவ்" என்றது ஏப்பம். அவ்வளவுதான்.

அடுத்தவருக்கும் அப்படியே. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. மண்டிக்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை நெடுக ஓடியது. சுவரோரம் நின்றவர்களில் சிலர் தலையைக் குனிந்து வாசலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வைத்திலிங்கம் நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்து மாடத்தியின் குழம்பைத்தான் உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தார், அவர் வீட்டிலும் காலங்காலமாக அந்தக் காய்தான்.

பெரிய அதிகாரி இலையில் இன்னும் சோறு இருந்தது. அவர் ஊமைக்காய் வாளியைக் கை காட்டி வேண்டாமென்று அனுப்பிவிட்டு, "அம்மா, இந்தக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

மாடத்தி வாளியோடு போய் நின்றாள். கரண்டியை முக்கி எடுத்தாள். ஊற்றவில்லை.

"எந்த ஊருக் குழம்பு சார்?"

"அதாம்மா, நீங்க கொண்டு வந்தது."

"கொண்டு வந்த ஊருக்குப் பேரு உண்டு சார். பேரச் சொல்லுங்க, ஊத்துதேன்."

ஒரு மண்டிக்காரர் எழப் பார்த்தார். "ஏம்மா, அதிகாரிகிட்ட மரியாதையாப் பேசு!"

"மரியாதையாத்தான் கேக்கேன். பேரு தெரியாம ஒரு தடவ திங்கலாம். மறுதடவ கேக்குதவங்க பேரச் சொல்லித்தான் கேக்கணும்."

அதிகாரி அவளை அண்ணாந்து பார்த்தார். இலையைப் பார்த்தார். சோறு வெள்ளையாகக் கிடந்தது, விரலிடுக்கில் மட்டும் குழம்பின் மினுமினுப்பு. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆத்துமறிச்சான்" என்றார். மாடத்தி இரண்டு கரண்டி ததும்ப ஊற்றினாள். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி, ஊமைக்காய் போட்ட வீட்டுக்காரிதான், "எங்க ஊரு சார் அது, எங்க ஊரு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள், அடுத்து நின்றவன் கத்தினான், வாசலைப் பார்த்து நகர்ந்தவர்கள் திரும்பி வந்து கத்தினார்கள், வெளியூரில் ஒரு நாளும் அந்தப் பேரைச் சொல்லியறியாத வாய்கள் ராஜமங்கலத்தின் நட்டநடுவில் சொல்லின. மற்ற இரண்டு அதிகாரிகளும் சொல்லி வாங்கினார்கள். மண்டிக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு ஊமைக்காய் வாளியைப் பார்த்தார்கள், அதில் ஆடை படிந்திருந்தது. ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே முணுமுணுத்தார், வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்து அடுத்தவர் சொன்னார்.

கடைசி இலை வைத்திலிங்கத்தினுடையது. மறுசோறு குவியலாக வாங்கி, நடுவில் குழி பறித்துத் தயாராக வைத்திருந்தார்.

"ஊத்து, தங்கச்சி."

"எந்த ஊருக் காய் அண்ணாச்சி?"

அவர் சங்கத்துக்காரர்களைப் பார்த்தார், அதிகாரிகளைப் பார்த்தார், சோற்றில் தான் பறித்த குழியைப் பார்த்தார். மண்டபம் அவர் வாயைப் பார்த்தது. உதடு அசைந்தது.

"கேக்கலியே அண்ணாச்சி" என்றாள் மாடத்தி. கரண்டி கீழே இறங்கவில்லை.